ருங்கா குட்டியாக இருந்தபோது

கொடுமுடி
8.1.2025

மாசாணிக்குச் செல்லாத்தாள் எழுதுவது.

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனசு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பங்காளி காளிச்சாமி ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்திருந்தான். பீளமேட்டு மாலில் இருக்கிற தியேட்டரில் உன்னைப் பார்த்தானாம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பொம்மைப் படம் பார்த்து, வாயைத் திறந்து சிரித்தாயாம். எனக்குக் காது கேட்காது என்பதால் காலண்டர் தாளின் பின்னால் எழுதியே காட்டினான். "அத்தன சனத்துல அவிய சிரிப்பு மட்டும் தனியாக் கேட்டுச்சுங்கக்கா" என்று எழுதினான்.

உன் புருஷன், என் தம்பி, போய் ஐந்து மாசம்கூட ஆகவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை கல்யாணம், திருவிழா, சினிமா எதற்கும் போகக் கூடாது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? என் தம்பி இருந்தபோது ஊருக்கே வழக்கம் சொன்னவள் நீ.

ஆவணியில் அவனுக்கு வருஷத் திதி கொடுக்க இங்கே காவிரிக்கு வருவாய். ஆற்றோடு வந்து ஆற்றோடு போய்க்கொள். என் வீட்டு வாசல் ஏற வேண்டாம். நானும் படித்துறைக்கு வரப்போவதில்லை.

உன் மகள் ஷ்ரவ்யா மேல் எனக்குக் கோபம் இல்லை. அது சின்னப் பிள்ளை.

செல்லாத்தாள்


சோமனூர்
17.1.2025

நங்கைங்களுக்கு மாசாணி வணக்கமுங்க.

உங்கள் கடுதாசி வந்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போனில் பேசலாம் என்றால் உங்களுக்குக் கேட்காது. நான் ஆறாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

போனது நிஜமுங்க. சிரித்ததும் நிஜமுங்க. அழுதும் இருக்கிறேன், அதைக் காளிச்சாமி கொழுந்தனார் சொல்லவில்லை போல இருக்கிறது. அவர் அந்தத் தியேட்டருக்குள் எதற்கு வந்தார் என்று நீங்கள் கேட்டீங்களா? அவரும் பங்காளிதானே.

அது எந்தப் படம் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். உங்கள் தம்பிக்கும் தறிச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டதல்லவா. டிவியில் பேசிக்கொண்டே இருக்கிற படம் என்றால் எரிச்சல்படுவார். பொம்மைப் படம் என்றால் உட்கார்ந்துவிடுவார். மிருகம் என்ன நினைக்கிறது என்று மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்துவிடுமாம். அப்படித்தான் ஒரு மலையாட்டுப் படம் அவருக்குப் பிடித்துப்போனது. ருங்கா என்று ஒரு கிழட்டுக் கிடாய். ஒரு கொம்பு பாதி உடைந்திருக்கும். கூட்டத்தைப் பனிமலை தாண்டிக் கூட்டிப்போகும். ஊற்று வந்தால் மற்றதெல்லாம் குடித்த பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்கும். கடைசியில் நடக்க முடியாமல் பனியிலேயே உட்கார்ந்துவிடும். மற்ற ஆடுகள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும்.

அந்தப் படத்தை எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பார். ஆனால் ருங்கா உட்காரப் போகிற இடம் வந்ததும் டிவியை நிறுத்திவிடுவார். "போதும், இனி தூங்கலாம்" என்பார். ஒரு நாள்கூட அவர் முடிவு வரை பார்த்ததில்லை. நான்தான் ஒரு மத்தியானம் தனியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அவர் போன பிறகு எனக்கு அந்தப் பனி மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது. சோறு போட்டுத் தட்டில் கை வைத்தால் பனி. நம் தறிக் குடோனுக்குள் போனால் பனி. ஷ்ரவ்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேலை விட்டு வந்து, "ம்மா, ருங்கா படம் இன்னொண்ணு வந்திருக்குது. இது அதுக்கு முந்துன கதை. ருங்கா குட்டியா இருந்தப்ப நடந்தது" என்றாள். "செத்துப்போச்சேடி" என்றேன். "இந்தப் படத்துல இன்னும் சாகலம்மா" என்றாள்.

நங்கை, அந்தச் சொல்லுக்குத்தான் எழுந்து சேலை மாற்றினேன்.

படம் ஆரம்பித்ததும் இருட்டு. ஒரு தாயாடு முனகுகிறது. அப்புறம் பாறைக்கு அடியில் குட்டி விழுகிறது. காது இரண்டும் ஈரமாக ஒட்டிக்கிடக்கிறது. எழுந்து நிற்கப் பார்த்து முன்னங்கால் மடங்கி மூக்கைத் தரையில் இடிக்கிறது. மறுபடி எழுகிறது, மறுபடி இடிக்கிறது. நாம் பட்டியில் பார்க்காததா? ஒரு மயிர்கூடத் தப்பாகப் போடவில்லைங்க. அங்கேதான் சிரித்தேன். எனக்கே என் சத்தம் கேட்டுத் திக்கென்றது. ஆவணிக்குப் பிறகு அது என் வாயில் வந்ததே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ருங்காவுக்கு ஓர் அக்கா இருக்கிறது. மீலா என்று பெயர். முதல் படத்தில் அது வரவே இல்லை. இதில் பாதிப் படம் அதுதான். அது வரும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்.

வாசல் ஏற வேண்டாம் என்றால் ஏறவில்லைங்க. ஆனால் படித்துறைக்கு வராமல் இருந்துவிடாதீங்க. தாயும் தகப்பனும் இல்லாதவருக்கு நீங்கள் ஒருத்தர்தான் பொறந்த வீடு. நீங்கள் நிற்காத இடத்தில் நான் எப்படித் தண்ணீர் விட்டு முடிப்பேன்?

மாசாணி


கொடுமுடி
27.1.2025

மாசாணிக்கு,

கடுதாசி வந்தது. நீளமாக எழுதினால் நான் இளகிவிடுவேன் என்று நினைத்தாய் போல.

காளிச்சாமியைக் கேட்டேன். மருமகளுக்குச் செருப்பு வாங்கப் போனானாம். தியேட்டருக்குள் எந்தச் செருப்புக்கடை இருக்கிறது என்று எழுதிக் கேட்டேன். படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தவன், காபி குடிக்காமல் போய்விட்டான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காக நீ செய்தது சரி ஆகிவிடாது.

ஆட்டுக்கு அக்கா இருந்தால் எனக்கென்ன? அதைப் பார்த்து என் ஞாபகம் வந்ததாம். பட்டணத்து மாலில் உட்கார்ந்து என்னை ஆடு என்று சொல்லிவிட்டு, அதைக் கடுதாசியிலும் எழுதுகிறாய். உன் தைரியம் யாருக்கு வரும்.

மனசில் துக்கம் இருந்தால் வீட்டில் இருந்து அழு. வழக்கம் என்பதை எதற்கு வைத்திருக்கிறார்கள்? நமக்குத் துக்கம் மறந்துபோகும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். எனக்கு மறக்கவில்லை. உனக்கு மறந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆவணி பற்றிச் சொன்னது சொன்னதுதான்.

அந்த அக்காள் ஆடு முதல் படத்தில் ஏன் இல்லை? செத்துவிட்டதா?

செல்லாத்தாள்


சோமனூர்
5.2.2025

நங்கைங்களுக்கு,

மறக்கவில்லைங்க. மறந்தவள் இப்படியா எழுதிக்கொண்டிருப்பாள்?

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மீலா சாகவில்லை. பயப்படாதீங்க.

ருங்கா சின்னதில் சரியான வாலுங்க. உயரம் என்றால் பயம், ஆனால் பயம் இல்லாத மாதிரி நடிக்கும். மீலா முன்னால் போய்க் காலை வைத்துக் காட்டும், இது அதே இடத்தில் காலை வைக்கும். பாறையில் குளம்பு படுகிற சத்தம் இருக்கிறதே, மீலாவுக்கு ஒரு சத்தம், ருங்காவுக்கு வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டாலும் யார் நடக்கிறார்கள் என்று தெரியும். அவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு குறை. நம்ம ஆடு எதைக் கேட்டாலும் அசை போட்டுக்கொண்டேதான் கேட்கும். இதில் அசை போடவே இல்லை.

ஒரு நாள் பாறை இடுக்கில் உப்பு நக்கப் போய் ருங்காவின் கொம்பு மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் வரவில்லை. கீழே ஓநாய் வருகிறது. மீலா தள்ளிப் பார்க்கிறது, முட்டிப் பார்க்கிறது. ஓநாய் கிட்டே வந்துவிட்டது. அப்போது மீலா பின்னால் போய் ஓடி வந்து அந்தக் கொம்பிலேயே ஒரு இடி இடிக்கிறது. கொம்பு ஒடிந்து ருங்கா தப்பிக்கிறது. "என்னை மன்னிச்சிரு, மன்னிச்சிரு" என்று மீலா அழுகிற குரலைக் கேட்டால் கல்லும் கரையும். ருங்கா கூட்டத்துக்குத் திரும்பி வந்து, ஓநாய்தான் ஒடித்தது என்று எல்லோரிடமும் சொல்கிறது. முதல் படத்திலும் அப்படித்தான் சொல்லும். நானும் உங்கள் தம்பியும் ஓநாய் என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

முடிவில் மீலா பெரிதாகி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேறு கூட்டத்தோடு போய்விடுகிறது. நடுவில் ஆறு. அதனால்தான் முதல் படத்தில் இல்லை. ஆனால் நங்கை, அந்தப் படத்தில் ருங்கா தினமும் சாயங்காலம் பாறை நுனியில் வந்து நிற்கும். "மழை வருதான்னு பாக்குது பாரு" என்று இவர் சொல்வார். மழையைப் பார்க்கவில்லை. அக்காளைப் பார்த்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பழைய படத்தை மறுபடி போட்டேன். அந்தப் பாறை, அந்தப் பள்ளம், எல்லாம் அப்படியே இருக்கிறது. அக்காள் அங்கே இருப்பது மட்டும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

அப்புறம், பழைய படத்தை இந்தத் தடவை நிறுத்தவில்லைங்க. பனியில் உட்காருகிறவரைக்கும் பார்த்தேன். குட்டியாக மூக்கை இடித்துக்கொண்டது கண்ணுக்குள் இருந்ததால் பார்க்க முடிந்தது.

புதுப் படத்துக்கு இன்னொரு தடவையும் போனேன். கொழுந்தனார் செருப்பு வாங்க வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மாசாணி


கொடுமுடி
16.2.2025

மாசாணிக்கு,

கண் டாக்டரைப் பார்க்க ஈரோடு போயிருந்தேன். டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்று சீட்டில் எழுதிக் காட்டினார்கள். வெயிலில் எங்கே நிற்பது? பக்கத்தில் ஒரு தியேட்டர். உள்ளே குளுகுளு என்று இருக்கும் என்று போய் உட்கார்ந்தேன். என்ன படம் என்று பார்த்துப் போகவில்லை. அந்தப் படமாக இருந்தது.

நீ எழுதியதில் பாதி தப்பு.

மீலா மன்னிப்புக் கேட்டு அழுகிறது என்று எழுதியிருக்கிறாய். குரலைக் கேட்டு ஏமாந்துவிட்டாய். எனக்குச் சத்தம் இல்லை, மூஞ்சி மட்டும்தான். இடிக்கப் பின்னால் போகிறதே, அப்போது அதன் காதைப் பார்த்தாயா? இரண்டு காதும் பின்னால் ஒட்டிக்கிடக்கிறது. மூக்கு விடைத்திருக்கிறது. அது அழுகை இல்லை, கோபம். "போகாதேன்னு சொன்னனே, கேட்டியாடா" என்கிற கோபம். அக்காளாகப் பிறந்தவளுக்குத்தான் தெரியும். முதலில் நாலு அறை விடத் தோன்றும். அழுகை அதற்கு அப்புறம்தான் வரும். நீ வீட்டுக்குக் கடைக்குட்டி, உனக்கு எங்கே தெரியப்போகிறது?

உயரத்துக்குப் பயந்த குட்டி என்பதும் தப்பு. அதற்கு உயரம் பயமில்லை. அக்காள் கண்ணில் படாவிட்டால்தான் பயம். அக்காள் கீழே நின்று பார்க்கும்போது மூன்று இடத்தில் தனியாக ஏறுகிறது, நீ கவனிக்கவில்லை.

ஊற்றில் கடைசியாகத் தண்ணீர் குடிக்கும் என்று எழுதினாயே, அது எங்கிருந்து வந்தது என்று உனக்குப் புரிந்ததா? இதில் மீலா அப்படிக் குடிக்கிறது. சின்னது அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான் காட்டுகிறார்கள். எனக்கு அங்கேதான் மூக்குறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். மயிர் ஒவ்வொன்றும் காற்றில் தனியாக அசைகிறது. எத்தனை பேர் உட்கார்ந்து வரைந்தார்களோ.

டாக்டரைப் பார்க்க முடியவில்லை. நான் வெளியே வருவதற்குள் வந்துவிட்டுப் போய்விட்டாராம்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

செல்லாத்தாள்


சோமனூர்
24.2.2025

நங்கைங்களுக்கு,

யாரிடமும் சொல்லவில்லைங்க. ஷ்ரவ்யாவிடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. "அத்தை கண் டாக்டர்கிட்டப் போனது நல்லதாப் போச்சு, கண்ணு நல்லாத் தெரியுது பாருங்க" என்கிறாள்.

காதைப் பார்க்கவில்லைங்க. நீங்கள் சொன்ன பிறகு ஷ்ரவ்யா போனில் அந்த இடத்தின் துணுக்கு ஒன்றைத் தேடிக் காட்டினாள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கோபம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என் கழுத்தில் தாலி கட்டும்போது உங்கள் தம்பி மீசை வைத்த ஆள். அதற்கு முன்னால் இருந்தவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "அதுல என்ன இருக்குது, தறி ஓட்டுனேன்" என்பதோடு முடித்துவிடுவார். குட்டியாக இருந்தபோது அவர் எப்படி இருந்தார்? தெரிந்தவர் இனி நீங்கள் ஒருத்தர்தான். கோபம் இருந்தாலும் பரவாயில்லை, கோபத்தோடேயே எழுதுங்க.

மாசாணி


கொடுமுடி
19.3.2025

மாசாணிக்கு,

எழுதலாமா வேண்டாமா என்று நாள் தள்ளினேன். எழுதுகிறேன்.

அவனுக்கு ஏழு வயசு இருக்கும். வீட்டில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி, நெற்றியில் மட்டும் கறுப்பு. பிறந்த அன்றைக்கே அதை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டார்கள். அவனுக்கு அது தெரியாது. சோற்றைத் தன் வாயில் போடுவதற்கு முன்னால் அதன் வாயில் வைப்பான். தறிக்கு அடியில் இரண்டும் சேர்ந்து தூங்கும். அப்பன் ஏசினால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எங்க ரெண்டு பேரத்தையும் அடிங்க" என்பான்.

மாரியம்மன் கோயில் நோன்பு, திருவிழா வந்தது. அன்றைக்கு அவனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து குட்டி எங்கே என்றான். சாயங்காலம் வரைக்கும் பட்டி, குடோன், கிணற்றடி என்று தேடினான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு போய், "சென்னிமலைக்கு ஓடிப்போச்சுடா. அங்க மேல பெரிய கூட்டம் இருக்குது. மேஞ்சுகிட்டு இருக்கும்" என்றேன். பொய்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நம்பினான். அப்புறம் பெரிதானதும் அவனுக்கே புரிந்திருக்கும். கேட்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தக் கதை சொன்னாலும், முடியப் போகிற நேரத்தில் கையை நீட்டி என் வாயைப் பொத்திவிடுவான். டிவியை நிறுத்திவிடுவார் என்று நீ எழுதினாயே, அன்றைக்கு அதைப் படித்துவிட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்கு அப்போது எழுத மனசு வரவில்லை.

அவ்வளவுதான். அழாமல் படி.

ஆவணியில் திதிக்கு முந்தின நாளே வந்துவிடு. ராத்திரி இங்கே தங்காமல் விடிகாலையில் எப்படி ஆற்றில் இறங்குவாய்? வாசல் ஏற வேண்டாம் என்று நான் சொன்னது சொன்னதுதான், பேச்சை மாற்ற மாட்டேன். பின்பக்கம் பொடக்காளிக் கதவைத் திறந்து வைக்கிறேன். அந்த வழியாக வா. படித்துறைக்கு நான் வருவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செல்லாத்தாள்


சோமனூர்
28.3.2025

நங்கைங்களுக்கு,

அழாமல் படிக்க முடியவில்லைங்க. சிரிக்காமலும் படிக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுக்கு ஒரம்பரை, விருந்தாளி என்று வரும்போதெல்லாம் பஸ் சென்னிமலையைத் தாண்டுமல்லவா. அவர் எப்போதும் ஜன்னல் பக்கம்தான் உட்காருவார். எனக்கு வாந்தி வரும், இடம் விடுங்கள் என்றாலும் விட மாட்டார். மலை தெரிந்ததும் மேலேயே பார்த்துக்கொண்டு வருவார். முருகனைத்தான் கும்பிடுகிறார் என்று நானும் கூடவே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஒரு தடவை, "ஏனுங்க, அப்படி என்ன வேண்டுதல்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார்.

தலை நரைத்த பிறகும் பார்த்தாருங்க. போன வருஷம் சித்திரையில் வந்தபோதும் பார்த்தார்.

பொடக்காளி வழியாகவே வருகிறேன்.

மாசாணி


சோமனூர்
1.9.2025

நங்கைங்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக் கொடுத்த பலகாரம் பல்லடம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. ஷ்ரவ்யாவும் நானும் ஆளுக்கொரு ஜன்னல் பிடித்தோம்.

ஈரச் சேலை மாற்ற அவள் மேலே போயிருந்த நேரத்தில் படித்துறையில் என்ன நடந்தது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். "காளிச்சாமி சித்தப்பா மூஞ்சி ஏம்மா அப்படி இருந்துச்சு?" என்றாள். நான் சொன்னேன்.

திதி முடித்து, கொழுந்தனார் இலையில் பிண்டம் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு நின்றார். ஒரு காக்காயும் இறங்கவில்லை. அதற்குள் படியில் எங்கிருந்தோ ஓர் ஆட்டுக்குட்டி துள்ளி வந்தது. யார் வீட்டுக் குட்டியோ. நேராக இலைக்குப் போய் வாயை வைத்துவிட்டது. கொழுந்தனார் துண்டை எடுத்து ஓங்கினார். திதி செய்துவைத்த சாமியும், "அபசாரம், விரட்டுங்கோ" என்று எழுந்தார்.

பொம்மைப் படத்துக்கே வாசல் ஏறாதே என்றவர், இதற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று உங்கள் மூஞ்சியைத்தான் பார்த்தேன். வரமாட்டேன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முந்தியே ஆற்றில் முழுகி முதல் படியில் நின்றவராயிற்றே நீங்கள்.

நீங்கள் நடுவில் போய் நின்றதையும், ஓங்கிய துண்டைப் பிடுங்கியதையும் ஷ்ரவ்யாவிடம் நடித்தே காட்டினேன். சாமியைப் பார்த்து நீங்கள் சொன்னதையும் சொன்னேன்.

"உடுங்க சாமி. ஒரம்பரைதானுங்க. தின்னுபோட்டுப் போகட்டும்."

மாசாணி